கருக்கலைப்பு உரிமையும் முட்டை விலையும்: அமெரிக்கர்கள் ஓட்டுப் போடும் கணக்கு

2024 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வாக்குச்சாவடிக்குப் போனவர் கையில் ஒரு நீளமான தாளைக் கொடுத்தார்கள். நம் ஊர் போல ஒரு பொத்தானை அழுத்தி, 'பீப்' சத்தம் கேட்டதும் வெளியே வந்துவிட முடியாது. மேலே அதிபர் பதவி, அதன் கீழே செனட் (நாடாளுமன்ற மேலவை), ஆளுநர் என்று வரிசையாகப் பதவிகள். அதற்குப் பிறகு, 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். அந்தக் கேள்விகளில் ஒன்று, கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கலாமா என்பது. இன்னொன்று, குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தலாமா என்பது.

முடிவு வந்தது. அதிபர் பதவிக்கு டிரம்ப் 58 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். செனட், ஆளுநர் இரண்டும் அவருடைய குடியரசுக் கட்சிக்கே. ஆனால் கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் 51.6 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. கூலி உயர்வுக்கு 57 சதவீதத்துக்கு மேல் 'ஆம்'. கேள்விகள் இரண்டும் எதிரணியான ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மேடைக்கு மேடை பேசி வந்தவை. ஒரே நாள், ஒரே தாள், ஒரே பேனா.

அந்தத் தேர்தலைத் தமிழில் நிறையவே அலசினோம். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸின் தாய்வழிப் பூர்விகம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் என்பதால் ஆர்வம் கூடுதல். தேர்தலுக்கு முன் 'உரிமை பறிபோன கோபத்தில் பெண்கள் எல்லாரும் கமலாவுக்குத்தான்' என்றார்கள். தேர்தலுக்குப் பின் அதே வாய்கள் 'முட்டை விலைக்கு முன்னால் உரிமையாவது ஒன்றாவது' என்றன. மிசூரியின் வாக்குச்சீட்டை எதிரே வைத்துப் பார்த்தால் இரண்டு பேச்சுமே நிற்காது. ஒரு விஷயத்தில் ஒருவருக்கு என்ன கருத்து என்பது ஒரு கேள்வி. அந்த விஷயத்தை வைத்துத்தான் ஓட்டுப் போடுகிறாரா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் சிக்கல் முழுதும் இருக்கிறது.

பின்னணி, நான்கே வரியில்

1973 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'ரோ எதிர் வேட்' வழக்கில், கருக்கலைப்பு செய்துகொள்ளும் முடிவுக்கு அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு என்றது. 49 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூன் 24 அன்று, 'டாப்ஸ்' வழக்கில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அன்றிலிருந்து அந்தந்த மாநிலம் வைத்ததே சட்டம். முதல் நாளிலேயே தடையை அமலுக்குக் கொண்டுவந்த மாநிலங்களில் மிசூரியும் ஒன்று.

இந்தியாவில் 1971-லேயே மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வந்துவிட்டது. 2021-இல் சில வகைப் பெண்களுக்கு வரம்பை 20 வாரத்திலிருந்து 24 வாரமாக நீட்டினார்கள். இது எந்தத் தேர்தலிலும் பேச்சாகவில்லை. அதனால்தான் அமெரிக்காவில் இது ஏன் இவ்வளவு பெரிய சண்டை என்று நமக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை.

குழாயில் தண்ணீர் வரும்வரை

வாடகைக்கு வீடு தேடுகிறவர் என்னென்ன கேட்பார்? வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எத்தனை மாதம், பஸ் ஸ்டாப் பக்கமா, வீட்டுக்காரர் மாடியில் இருக்கிறாரா? சாதாரணக் காலத்தில் தண்ணீர் பற்றிய கேள்வி நாலாவதோ ஐந்தாவதோ வரும். ஏரிகள் வறண்ட 2019 கோடையில் சென்னையில் வீடு தேடியவருக்கு அதுதான் முதல் கேள்வி. வாடகையைப் பற்றிய பேச்சே அதற்கப்புறம்தான்.

தண்ணீர் தேவை என்ற கருத்தில் அவருக்கு எந்த மாற்றமும் வரவில்லை. அந்தத் தேவைக்கு அவர் தரும் இடம் மாறிவிட்டது. தேர்தல் ஆய்வில் இதை முனைப்பு என்று சொல்லலாம்: ஒரு பிரச்சினை, வாக்காளர் முடிவெடுக்கும் நேரத்தில் அவர் மனதில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதே முனைப்பு.

2022 ஜூன் வரை கருக்கலைப்பு உரிமை அமெரிக்கர்களில் பலருக்கு ஓடிக்கொண்டிருந்த குழாய். அதை ஆதரிப்பவர்கள் பல ஆண்டுகளாகவே பெரும்பான்மை. 'எல்லாச் சூழலிலும் அல்லது பெரும்பாலான சூழல்களில் சட்டப்படி இருக்க வேண்டும்' என்போர் பியூ ஆய்வு மையத்தின் கணக்கில் 10-க்கு 6 பேர். ஆனால் அதை வைத்தே ஓட்டுப் போட்டவர்கள் பெரும்பாலும் எதிர்த்தரப்பினர். கருக்கலைப்பை ஒழிக்க வேண்டும் என்றிருந்தவர்களுக்கு ஒவ்வொரு தேர்தலும் அதற்கான தேர்தல். உரிமை வேண்டும் என்றிருந்தவர்கள், அது எங்கே போய்விடப் போகிறது என்று வேறு கவலைகளைப் பார்த்தார்கள். கேலப் நிறுவனம் பல ஆண்டுகளாகக் கேட்டு வரும் ஒரு கேள்வி உண்டு: 'கருக்கலைப்பில் உங்கள் கருத்தோடு ஒத்துப்போகும் வேட்பாளருக்கு மட்டும்தான் ஓட்டுப் போடுவீர்களா?' நீண்ட காலம் எதிர்ப்பாளர்களே இதற்கு அதிகமாக 'ஆம்' சொல்லி வந்தார்கள். டாப்ஸுக்குப் பிறகு அந்தத் தராசு மறுபக்கம் சாய்ந்தது.

சாய்ந்தது என்பதைக் கண்ணால் பார்த்த முதல் இடம் கான்சஸ். தீர்ப்பு வந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், 2022 ஆகஸ்ட் 2 அன்று அங்கே ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஆள் யாரையும் தேர்ந்தெடுக்காமல், ஒரு சட்டக் கேள்விக்கு மக்கள் நேராகப் பதில் சொல்வதுதான் பொதுவாக்கெடுப்பு. மாநில அரசியலமைப்பில் கருக்கலைப்புக்கு உரிமை கிடையாது என்று திருத்தலாமா என்பது கேள்வி. ஆகஸ்டில் நடப்பது கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்வு செய்யும் முதனிலைத் தேர்தல்; வழக்கமாகக் கூட்டமே இருக்காது. கட்சி சாராதவர்களுக்கு அங்கே வேலையே இல்லை. அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவர்கள் தெரிந்துதான் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்க இடமுண்டு. 2018 முதனிலைத் தேர்தலில் 5 லட்சத்துக்கும் குறைவானவர்கள் ஓட்டுப் போட்ட அந்த மாநிலத்தில், இந்த முறை 9 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வந்தார்கள். 59 சதவீதம் 'இல்லை'. 2020-இல் டிரம்புக்கு 56 சதவீதம் கொடுத்த மாநிலம் அது.

இதுவரை: கருத்து மாறாமலே முனைப்பு மாறலாம். இழந்த உரிமை, கையில் இருக்கும் உரிமையைவிட அதிகம் பேரை வாக்குச்சாவடிக்கு இழுத்து வரும்.

வேகம் குறைந்தால் பஸ் பின்னால் போகாது

இனி மறுபக்கம். இங்கேதான் நம் தொலைக்காட்சி விவாதங்கள் அதிகம் சறுக்குகின்றன.

2024 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் பணவீக்கம் ஏறத்தாழ இரண்டரை சதவீதம். வேலையின்மை 4 சதவீதத்தை ஒட்டி. பங்குச்சந்தை உச்சத்தில். 'இவ்வளவு நன்றாக இருக்கும்போது பொருளாதாரம் மோசம் என்கிறார்களே, ஏமாற்றப்பட்டவர்கள்' என்று பலர் எழுதினார்கள். அப்படி எழுதியவர்கள் ஒரு சொல்லைத் தவறாகப் படித்துவிட்டார்கள்.

பணவீக்கம் என்பது விலைகள் ஏறும் வேகம். விலை மட்டம் என்பது ஏறி நிற்கும் உயரம். பஸ் 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 30-க்குக் குறைந்தால், அது கிளம்பிய ஊருக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. மெதுவாக முன்னால்தான் போய்க்கொண்டிருக்கிறது.

கணக்காகவே போட்டுவிடலாம். 2020 டிசம்பரில் 100 டாலருக்கு ஒரு கூடை சாமான் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். 2021-இல் விலை 7 சதவீதம் ஏறியது: 107. 2022-இல் 6.5 சதவீதம்: 114. 2023-இல் 3.4 சதவீதம்: கிட்டத்தட்ட 118. 2024-இல் 2.9 சதவீதம்: 121. 2022 முடிவிலிருந்து செய்தியில் ஒவ்வொரு ஆண்டும் 'பணவீக்கம் குறைந்தது' என்று சொன்னார்கள், அது உண்மை. கடையில் பில் ஒவ்வொரு ஆண்டும் கூடியது, அதுவும் உண்மை. வாக்காளர் கையில் இருந்தது பில்தான்.

அதிலும் சராசரி ஒரு விஷயத்தை மறைக்கும். தொலைக்காட்சிப் பெட்டி விலை இறங்கியிருக்கலாம்; ஆனால் அதை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வாங்குகிறோம். முட்டையும் பெட்ரோலும் வாராவாரம். 2021 ஜனவரியில் ஒரு டஜன் முட்டை ஒன்றரை டாலருக்குச் சற்றுக் கீழே. பறவைக் காய்ச்சல் பண்ணைகளைக் காலி செய்ததில் 2023 ஜனவரியில் 4.82 டாலர் வரை போனது. பிறகு இறங்கி, 2024 அக்டோபரில் மறுபடியும் 3 டாலருக்கு மேல். பெட்ரோல் 2022 ஜூனில் முதன்முறையாக ஒரு கேலனுக்கு, அதாவது சுமார் 3.8 லிட்டருக்கு, 5 டாலரைத் தொட்டது. அந்த விலை சாலையோரத்தில் ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கும். வேலையின்மை விகிதத்தை யாரும் சாலையோரத்தில் எழுதி வைப்பதில்லை.

பறவைக் காய்ச்சலுக்கு அதிபர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1998-இல் டெல்லியில் வெங்காய விலை ஏறியபோதும் மழையின் பழியைச் சுமந்தது ஆளுங்கட்சிதான். சட்டமன்றத் தேர்தலில் பாஜக ஆட்சியை இழந்தது. விலைக்குக் காரணம் யார் என்று வாக்காளர் விசாரணைக் கமிஷன் வைப்பதில்லை.

வீட்டுக்கடன் இன்னும் கூர்மையான உதாரணம். 30 ஆண்டு வீட்டுக்கடனுக்கு 2021 தொடக்கத்தில் வட்டி 3 சதவீதத்துக்கும் கீழே. 2023-24-இல் 7 சதவீதத்தை ஒட்டி. 3 லட்சம் டாலர் கடனுக்கு 3 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 1,265 டாலர். 7 சதவீதத்தில் அதே கடனுக்கு சுமார் 1,996 டாலர். மாதம் 730 டாலர் கூடுதல், அதே வீட்டுக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவின் நுகர்வோர் விலைக் குறியீட்டில் வீட்டுக்கடன் வட்டி சேர்க்கப்படுவதே இல்லை. வீடு வாங்கக் காத்திருந்த இளம் தம்பதிக்குப் புள்ளிவிவரமும் அனுபவமும் வேறு வேறாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

'சம்பளமும் ஏறியதே?' ஏறியது, ஏறத்தாழ விலையோடு ஒட்டியே. ஆனால் சம்பளம் ஏறினால் 'நான் உழைத்தேன், கொடுத்தார்கள்' என்பது மனித இயல்பு. விலை ஏறினால் 'அரசாங்கம் ஏற்றிவிட்டது'. ஆய்வாளர்கள் இதைக் கேட்டுப் பார்த்தே உறுதி செய்திருக்கிறார்கள். எண்ணிக்கையும் ஒரு காரணம். வேலையின்மை கூடினால் உழைக்கும் நூறு பேரில் சிலர் வேலை இழப்பார்கள், மற்றவர்கள் பயப்படுவார்கள். விலை ஏறினால் நூறு பேருக்கும் அடி.

பின்னோக்கிப் பார்த்துப் போடும் ஓட்டு

கடந்த ஆட்சி எப்படி இருந்தது என்று பார்த்து, நன்றாக இருந்தால் தொடரட்டும், இல்லையென்றால் இறங்கட்டும் என்று முடிவெடுப்பதைப் பின்னோக்கிய வாக்களிப்பு என்பார்கள். 1980-இல் ரீகன், அப்போதைய அதிபர் கார்ட்டருடனான விவாதத்தின் முடிவில் மக்களைப் பார்த்து, நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டாரே, அதுதான். எதிரணியின் திட்டம் என்ன என்று இந்த வகை வாக்காளர் அதிகம் துருவுவதில்லை. சமையல்காரர் மாறினால் போதும், புதியவர் என்ன சமைப்பார் என்பது பிறகு.

பொருளாதாரமும் கருக்கலைப்பும் தன்மையில் வேறுபடும் இடம் இது. விலை குறைய வேண்டும் என்பதில் இரு கட்சிக்கும் ஒரே நிலைப்பாடு. யார் திறமையாகச் செய்வார்கள் என்பது மட்டுமே போட்டி. கருக்கலைப்பில் இரு கட்சிகளும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. முதலாவதில் ஆளுங்கட்சி பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதில், மாற்றத்தைக் கொண்டுவந்தது யாரோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். 2022-லும் 2024-லும் ஆளுங்கட்சி ஜனநாயகக் கட்சி. ரோவைக் கவிழ்த்த நீதிபதிகளில் மூவரை நியமித்தவர் டிரம்ப். ஆக, விலைவாசிக்கு ஒரு கட்சியும் தீர்ப்புக்கு இன்னொரு கட்சியும் ஒரே நேரத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றன.

ஒரு எச்சரிக்கை. பொருளாதாரம் நன்றாக இருக்கிறதா என்ற பதிலே கட்சிக் கண்ணாடி வழியாக வருகிறது. 2024 நவம்பரில் அதிபர் யார் என்று தெரிந்த சில வாரங்களிலேயே குடியரசுக் கட்சியினர் பொருளாதாரத்தின் மேல் நம்பிக்கை கொண்டார்கள். ஜனநாயகக் கட்சியினர் கவலைப்படத் தொடங்கினார்கள். அதற்குள் கடையில் எந்த விலையும் மாறியிருக்கவில்லை. எனவே 'பொருளாதாரம்தான் என் முதல் கவலை' என்று சொல்லும் எல்லாரையும் பொருளாதாரம் கட்சி மாற்றியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களில் பலர் எப்படியும் அந்தக் கட்சிக்கே போட்டிருப்பார்கள்.

முழுச் சாப்பாடும் தனி அயிட்டமும்

இப்போது மிசூரிக்குத் திரும்பலாம்.

ஓட்டலில் முழுச் சாப்பாடு வாங்கினால் சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாம் சேர்ந்துதான் இலைக்கு வரும். பாகற்காய்க் கூட்டு பிடிக்காது என்பதற்காகச் சாப்பாட்டையே விட்டுவிட மாட்டோம். ஓரமாக ஒதுக்கி வைப்போம். வேட்பாளர் முழுச் சாப்பாடு: விலைவாசி, குடியேற்றம், வரி, கருக்கலைப்பு, வெளிநாட்டுப் போர், ஆளின் குணம் எல்லாம் ஒரே இலையில். பொதுவாக்கெடுப்பு தனி அயிட்டம். ஒரு பிளேட் வேண்டுமா, வேண்டாமா?

ஒரு விஷயம் ஒரு பக்கமும் இன்னொரு விஷயம் மறுபக்கமும் இழுக்கும்போது வாக்காளருக்கு வருவது இருபக்க இழுப்பு. வாக்குச்சீட்டில் முழுச் சாப்பாடு மட்டும் இருந்தால் அவர் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். தனி அயிட்டமும் கூடவே இருந்தால் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மேலே டிரம்ப், கீழே 'ஆம்'.

எத்தனை பேர் அப்படிப் போட்டிருப்பார்கள்? எளிய கழித்தல். மிசூரியில் கமலா ஹாரிஸுக்கு 40 சதவீதம். திருத்தத்துக்கு 51.6. ஹாரிஸுக்குப் போட்ட ஒவ்வொருவரும் 'ஆம்' போட்டிருந்தாலும்கூட, 'ஆம்' போட்டவர்களில் ஐந்தில் ஒருவராவது ஹாரிஸுக்குப் போடவில்லை. அரிசோனாவில் திருத்தத்துக்கு 61.6, ஹாரிஸுக்கு 46.7. நெவாடாவில் 64, 47.5. இரண்டு மாநிலங்களிலும் டிரம்ப் வென்றார். அந்த ஆண்டு பத்து மாநிலங்களில் இந்தக் கேள்வி இருந்தது. ஏழில் உரிமைத் தரப்பு வென்றது.

தோற்ற மூன்றையும் பார்க்க வேண்டும். தெற்கு டகோட்டாவில் நேரடித் தோல்வி. நெப்ராஸ்காவில் எதிரெதிரான இரண்டு திருத்தங்கள் ஒரே சீட்டில் இருந்தன. முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு தடை என்ற திருத்தம் வென்றது. ஃபுளோரிடாவின் கதை வேறு. அங்கே 'ஆம்' 57 சதவீதம் வாங்கியும் தோற்றது, ஏனென்றால் அந்த மாநிலத்தில் அரசியலமைப்பைத் திருத்த 60 சதவீதம் வேண்டும். அதே நாளில் 56 சதவீதம் வாங்கிய டிரம்ப் அங்கே பெருவெற்றி பெற்றதாகச் செய்தி. 57 தோல்வி, 56 வெற்றி. ஓஹையோவில் இதே 60 சதவீத விதியைக் கொண்டுவர 2023 ஆகஸ்டில் ஒரு முயற்சி நடந்தது, மக்கள் நிராகரித்தார்கள். மூன்று மாதம் கழித்து உரிமைத் திருத்தம் 56.8 சதவீதத்தோடு நிறைவேறியது. ஆகஸ்ட் முயற்சி பலித்திருந்தால் நவம்பர் முடிவு தலைகீழ்.

தனி அயிட்டம் எல்லா ஊரிலும் கிடைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். மிசூரியில் குடிமக்களே சுமார் 1 லட்சத்து 71 ஆயிரம் செல்லுபடியான கையெழுத்துத் திரட்டிக் கேள்வியைச் சீட்டில் ஏற்ற முடியும்; அமைப்பாளர்கள் 3 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டு மடங்குக்கும் மேல் திரட்டக் காரணம் உண்டு: பதிவு இல்லாதவர், முகவரி மாறியவர், இரண்டு முறை போட்டவர் என்று கழித்துக்கொண்டே வருவார்கள். டெக்ஸஸில் இந்த வழியே கிடையாது. அங்கே இலை மட்டும்தான்.

டிரம்ப் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார் என்பது என் மதிப்பீடு. 2024 ஏப்ரலிலேயே, இது மாநிலங்களின் விஷயம் என்று சொல்லி ஒதுங்கினார். அக்டோபரில், நாடு தழுவிய தடை வந்தால் தடுத்துவிடுவேன் என்றார். நம்பினவர்கள் நம்பினார்கள். ஆனால் 'உங்கள் உரிமையைக் கீழே உள்ள கேள்வியில் காப்பாற்றிக்கொள்ளலாம், மேலே விலைவாசிக்காக எனக்குப் போடலாம்' என்ற வழி திறந்துவிட்டது. தனி அயிட்டம் இருப்பது சில வேளைகளில் இலையின் மேலுள்ள கோபத்தைத் தணித்துவிடுகிறது. அந்த ஆண்டின் எக்ஸிட் போலில், 'பெரும்பாலான சூழல்களில் சட்டப்படி இருக்கலாம்' என்ற மிதமான ஆதரவாளர்கள் இரு வேட்பாளருக்கும் கிட்டத்தட்ட சரிபாதியாகப் பிரிந்திருந்தார்கள். பெண்கள் ஓட்டில் ஹாரிஸுக்கு 53 சதவீதம். 2020-இல் பைடன் வாங்கிய 57-ஐவிடக் குறைவு.

இதுவரை: கருத்து ஒன்று, முனைப்பு ஒன்று, கேள்வி எந்த வடிவத்தில் வருகிறது என்பது ஒன்று. மூன்றும் சேர்ந்துதான் முடிவு.

2022-இல் மட்டும் ஏன் வேறு மாதிரி?

2022 நவம்பரில் நடந்தது இடைக்காலத் தேர்தல். அதிபர் பதவி சீட்டில் இல்லை. அந்த ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம், நாற்பது ஆண்டு உச்சம். ஆளுங்கட்சி துடைத்தெறியப்படும் என்று எதிர்பார்த்தார்கள். நாடாளுமன்றக் கீழவையைக் குடியரசுக் கட்சி 222-213 என்று மயிரிழையில் பிடித்தது. செனட் ஜனநாயகக் கட்சியிடமே இருந்தது.

இடத்துக்கு இடம் பார்த்தால் காரணம் தெரியும். மிச்சிகனில் 1931-ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் புத்தகத்திலேயே கிடந்தது. ரோ போனதும் அது உயிர்பெறும் அபாயம். யார் ஆளுநர், யார் சட்டமன்றம் என்பது அங்கே நேரடிக் கேள்வி. பொதுவாக்கெடுப்பும் அதே சீட்டில். ஜனநாயகக் கட்சி ஆளுநர் பதவியையும் சட்டமன்றத்தின் இரு அவைகளையும் சேர்த்துப் பிடித்தது, சுமார் 40 ஆண்டுகளில் முதன்முறையாக. நியூயார்க்கிலோ குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மாநிலச் சட்டம் உரிமையைக் காத்தது. அங்கே பேச்சு விலைவாசியும் குற்றமும். ஜனநாயகக் கட்சி அங்கே கீழவை இடங்களை இழந்தது. உரிமை எங்கே ஆட்டம் கண்டதோ அங்கே முனைப்பு அதிகம். பத்திரமாக இருந்த இடத்தில் பலரும் பில்லைப் பார்த்துப் போட்டார்கள்.

இன்னொன்று, யார் வருகிறார்கள் என்பது. இடைக்காலத் தேர்தலுக்குத் தகுதியுள்ளவர்களில் பாதிக்கும் சற்றுக் குறைவானவர்களே வந்தார்கள். அவர்கள் அரசியலை விடாமல் கவனிப்பவர்கள். 2024-இல் ஏறத்தாழ 64 சதவீதம். கூடுதலாக வந்தவர்கள், நான்கு வருடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பவர்கள். நீதிமன்றத் தீர்ப்பைவிட மளிகைக் கடை பில் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எக்ஸிட் போலைப் படிக்கும்போது

ஓட்டுப் போட்டு வெளியே வருபவரிடம் (இப்போது முன்கூட்டியே ஓட்டுப் போட்டவர்களிடம் தொலைபேசியிலும்) கேட்கும் கணிப்பு எக்ஸிட் போல். 2022-இல் மிக முக்கியமான பிரச்சினை எது என்ற கேள்விக்கு விலைவாசி 31, கருக்கலைப்பு 27. 2024-இல் ஜனநாயகத்தின் நிலை 34, பொருளாதாரம் 32, கருக்கலைப்பு 14. உடனே 'பாதியாகக் குறைந்துவிட்டது' என்று தலைப்புப் போட்டார்கள்.

பட்டியலைக் கவனியுங்கள். இரண்டு ஆண்டுகளிலும் கொடுத்த விருப்பத் தேர்வுகள் ஒன்றல்ல. 2022 பட்டியலில் 'ஜனநாயகம்' என்ற பெட்டியே இல்லை. 2024-இல் அது வந்ததும், முன்பு கருக்கலைப்பைத் தேர்ந்திருக்கக் கூடிய ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் பலர் அந்தப் பெட்டிக்குப் போயிருப்பார்கள். மேலும், ஒன்றைத்தான் தொட வேண்டும். வீடு தேடுகிறவரிடம் 'வாடகையா தண்ணீரா, ஒன்றே ஒன்று சொல்லுங்கள்' என்றால் ஏதோ ஒன்றைச் சொல்வார். மற்றது தேவையில்லை என்று ஆகிவிடாது.

அடுத்த முறை இப்படி ஒரு எண் கண்ணில் பட்டால் முதலில் கேட்க வேண்டியது, என்னென்ன பெட்டிகள் கொடுத்தார்கள் என்பதே. பிறகு, அந்த மாநிலத்தில் உரிமை உண்மையிலேயே ஆட்டம் கண்டிருந்ததா, கேள்வி தனியாகச் சீட்டில் இருந்ததா, ஜெயிக்க 50 போதுமா 60 வேண்டுமா? விலையைப் பற்றிய எண் என்றால், வேகமா உயரமா?

இரண்டும் ஒரே பர்ஸில்

உரிமை ஒரு பக்கம், பணம் ஒரு பக்கம் என்று பிரித்துப் பேசுவது நம் வசதிக்குத்தான். மிசூரியின் செயின்ட் லூயிஸ் நகரத்திலிருந்து மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் இல்லினாய். அங்கே கருக்கலைப்பு சட்டப்படியானது. தடைக்கு முன்பே மிசூரி முழுவதற்கும் ஒரே ஒரு மையம்தான் மிச்சமிருந்தது. பலர் அப்போதே ஆற்றைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். செயின்ட் லூயிஸ்காரருக்கு அது அரை நாள் வேலை. எல்லையிலிருந்து தொலைவில் இருப்பவருக்குப் பல மணி நேரக் கார்ப் பயணம், பெட்ரோல், ஒரு இரவு அறை வாடகை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், சம்பளம் இல்லாத இரண்டு நாள் விடுப்பு. மிசூரி மக்கள் அன்று 'ஆம்' சொன்ன கூலி உயர்வுக் கேள்விக்குள் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பும் இருந்தது என்பதை இத்துடன் சேர்த்துப் படிக்கலாம்.

மிசூரி சட்டமன்றம் அந்த நவம்பர் முடிவை அப்படியே விட்டுவிடவில்லை. 2025 மே மாதத்தில், திருத்தத்தை ரத்து செய்யும் புதிய திருத்தம் ஒன்றை மக்கள் முன் வைக்கத் தீர்மானித்தது. மருத்துவ அவசரத்துக்கும், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு 12 வாரம் வரையும் விலக்கு. அதோடு, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பாலின மாற்றச் சிகிச்சை கூடாது என்ற இன்னொரு விஷயத்தையும் அதே கேள்விக்குள் சேர்த்திருக்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே 'ஆம்', ஒரே 'இல்லை'. தனி அயிட்டமாகப் போய் ஜெயித்த கேள்வி, இந்த முறை இலையில் வருகிறது.